நாற்பது மஞ்சள் அட்டைகள்

ஞாயிறு காலை அம்மாவும் நானும் அட்டைகளுக்கு மூலை வெட்டினோம். லேமினேட் செய்த மஞ்சள் அட்டைகள், நாற்பது. ஒவ்வொன்றிலும் கையை விரித்து நிற்கும் ஒரு மனிதப் படம். கீழே ‘எனக்குப் புரியல’. மூலை கூராக இருந்தால் சிறைக்குள் அதுவும் கத்திதான். போன வருடம் ஒருவன் அப்படியொரு மூலையால் இன்னொருவனின் கன்னத்தைப் பல் தெரியக் கிழித்தான். நான் ஆலைகளில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவன். ஆறு மில்லிமீட்டர் ஆரம் அளந்து அளந்து வெட்டினேன்.

“இன்ஜினியர் இப்படி வெட்டுனா பொழுது சாஞ்சிரும். நகவெட்டிய எடுடா.”

“நீ வெட்டுனது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்மா.”

“குத்தாதுல்ல? போதும்.”

அம்மா பத்தொன்பது வருடம் சிறையில் ஆசிரியை. அவள் வகுப்பில் இருந்தவர்கள் கற்றல் குறைபாடு உள்ள கைதிகள். மணி பார்க்கத் தெரியாது. ஒரே மூச்சில் இரண்டு வேலை சொன்னால் இரண்டாவது நினைவில் நிற்காது. விதி புரியாமல் மீறுவார்கள், உதை வாங்குவார்கள். முதல் வருடம் “கதவைச் சாத்து” என்று ஒருவனிடம் சொன்னாள். அவள் கை கதவு நிலைச்சட்டத்தில் இருந்ததைப் பார்க்காமல் சாத்தினான். இரண்டு விரல் முறிந்தது. மறுநாள் கட்டோடு போய் அவனுக்குக் கதவு சாத்தக் கற்றுக்கொடுத்தாள்.

அங்கே தலையாட்டி என்று ஒருவன். எதைக் கேட்டாலும் “ஆமா” என்பான். இல்லை என்றால் அடி விழும் என்பது சிறு வயதில் அவன் படித்த ஒரே பாடம். “எங்களைப் போட்டுக் கொடுத்தது நீதானடா?” என்று சக கைதிகள் கேட்டார்கள். ஆமா என்றான். குழாயடியில் வைத்துத் தாடையை உடைத்தார்கள். போட்டுக் கொடுத்தவன் வேறு ஆள்.

அதிலிருந்து அம்மா எதையும் திருப்பிப் போட்டும் கேட்பாள். “சாப்பிட்டியா?” ஆமா. “சாப்பிடலையா?” ஆமா. அப்படியென்றால் கேள்வியே அவனுக்கு எட்டவில்லை. அப்போது அவர்களே தூக்கிக் காட்டத்தான் இந்த அட்டை. வீட்டில் என்னிடமும் அப்படித்தான் கேட்பாள். எரிச்சலாக வரும்.

திங்களன்று வாயிற்காவலர் அட்டைப் பையை நிறுத்திவிட்டார். கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டுமாம். அனுமதி கேட்டு அம்மா எழுதிய கடிதம், கையெழுத்தாகாமல், பையிலேயே இருந்தது. அதற்குள் வகுப்பு மணி அடித்தது. “முடிச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்” என்று பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாளாம்.

வகுப்பில் ஒரு பென்சிலுக்காக அடிதடி. யாரோ நாற்காலிக் காலைப் பிடுங்கி வீசினார்கள். விலக்க நடுவில் போன அம்மா மேல் அது பட்டது. இடது காதுக்கு மேல் மண்டையோடு நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளிறங்கியிருந்தது. புதனன்று இறந்தாள்.

வெள்ளியன்று அவள் பொருள்களை வாங்கப் போனேன்.

“கேஸு முடிஞ்ச மாதிரிதான் தம்பி. தலையாட்டி ஒத்துக்கிட்டான்” என்றார் ஜெயிலர். “பாக்கணுமா?”

பக்கத்து அறையில் இருந்தான். ஒரு கண் ஏற்கெனவே வீங்கி மூடியிருந்தது.

“எங்கம்மாவை அடிச்சது நீதானா?”

“ஆமா சார்.”

அறைந்தேன். விழுந்தவனை உதைத்தேன். ஜெயிலர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். பழைய முறிவு இருந்த தாடையிலேயே குத்தினேன். என் விரல் முட்டி கிழிந்தது. அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. மூச்சு வாங்க நின்றபோது வாயில் தானாக வந்தது.

“நீ அடிக்கலையா?”

“ஆமா சார்.”

ரத்தத்தோடு சிரித்தான். சரியாகப் பதில் சொல்லிவிட்ட பிள்ளையின் சிரிப்பு.

வெளியே வந்து, அவன் இரண்டுக்கும் ஆமா என்றதை ஜெயிலரிடம் சொன்னேன்.

“எழுதி ரேகை வாங்கியாச்சு. பெத்தவளைப் பறிகொடுத்துட்டு அவனுக்கே வக்காலத்தா? வீட்டுக்குப் போங்க தம்பி.”

வாயிலில் பையைக் கொடுத்தார்கள். அட்டைகளுக்கு மேலே கடிதம். அட்டைகளுக்கு அனுமதி கேட்டுவிட்டு, தலையாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள்: ‘இவரிடம் எதைக் கேட்டாலும் திருப்பிப் போட்டும் கேட்கவும். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.’

அதன் கீழே நான் எழுதினேன்: ‘கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றார். திருப்பிக் கேட்பதற்கு முன் அடித்தேன்.’ கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்காணிப்பாளர் அறைக்குப் படியேறினேன். அவர் கையெழுத்துக்கு அம்மா விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது.