மல்லிகையைத் திட்டிய காலம்

என் கணவர் லோரி ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ரப்பர் தோட்டத்து வீட்டை விட்டுப் பாயா ரும்புட் என்ற ஊரில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தோம். தோட்டத்தில் நான் வாயை மூடியது தூங்கும்போது மட்டும்தான். இங்கே காலையில் ஒவ்வொரு வீட்டிலும் கேட் திறக்கும், கார் போகும், கேட் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் ஊர். அடுத்த வீட்டில் என் வயதுடைய மலாய்க்கார அம்மா ஒருவர் இருந்தார். என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள், பேப்பரை விரித்தால் மதியச் சாப்பாடு வரை வாயைத் திறக்க மாட்டார்.

அந்தப் பொழுது போகாமல்தான் தெங்கேராவில் ஒரு கடையில் மல்லிகைச் செடி வாங்கினேன். வெயில் பட்டு வாடிவிடுமோ என்று பயந்து, வாசலில் கூரைக்கடியில், என் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தொட்டியை வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத்தோல், டீத்தூள் எல்லாம் கொடுத்தேன். செடி நன்றாகத் தின்றது. இலையாக வளர்ந்தது. ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.

தோட்டத்தில் இருக்கும் என் தோழிக்குப் போன் போட்டுக் குறைபட்டுக்கொண்டேன்.

"கொஞ்சினா எப்படிப் பூக்கும்? திட்டணும் லா," என்றாள். "கையில கத்திய வச்சுக்கிட்டு, பூக்கலேன்னா வெட்டிடுவேன்னு சொல்லு. எங்க வீட்டுச் செடி அப்படித்தான் பூத்துச்சு."

"சத்தமாவா திட்டணும்?"

"மெதுவா சொன்னா அதுக்குப் பேரு திட்டா?"

மறுநாள் காலை சமையலறைக் கத்தியோடு வாசலுக்கு வந்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. ஆரம்பித்த பிறகு வார்த்தைகள் தாமாகவே வந்தன.

"வேளாவேளைக்குத் திங்க மட்டும் தெரியுது. ஏதாச்சும் உருப்படியா செய்றியா? சும்மா உக்காந்து உடம்ப வளக்குற. இன்னும் கொஞ்ச நாளு பாப்பேன், அப்புறம் வெட்டிக் குப்பையில போட்டுருவேன்."

பக்கத்து நாற்காலியில் என் கணவர் பேப்பரைப் புரட்டினார். பல மாதங்களாக உள்ளே கிடந்த பேச்செல்லாம் வெளியே வந்ததில் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. செடிக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, எனக்கு நன்றாகப் பசித்தது. அன்று முதல் காலையில் கோலம் போடுவதுபோல் திட்டுவதும் ஒரு வேலையானது.

இதற்கிடையில் கிளினிக்கில் சோதித்தபோது என் கணவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை, கூடியிருந்தது. நான் அவருக்குச் சீனியில்லாத டீயும் கேழ்வரகுக் கஞ்சியும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, "வீட்டுல குடுக்குறததான்," என்று என் பக்கம் கையைக் காட்டினார். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் குறுகிப்போனேன்.

ஒருநாள் பசாருக்குக் கிளம்பியவள், பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவரோரம் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மலாய்க்கார அம்மா ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே ஓண்டே ஓண்டே உருண்டைகள். கடித்தால் வெல்லப்பாகு பீறிடும்.

"சபார் லா, அண்ணே," என்று அவர் மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. பொறுமையாக இருங்கள் என்று ஆறுதல் சொல்கிறார். என் கணவரும் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு மிகப் பொறுமையாக நின்றார்.

என்னைக் கண்டதும் அந்த அம்மா பதறிப்போனார்.

"அச்சி, அவரைத் திட்டாதீங்க. நானாத்தான் குடுத்தேன்," என்றார். மலாய்க்காரர்கள் தமிழ்ப் பெண்களை அச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு என் கையைப் பார்த்தார். வெறுங்கை என்று தெரிந்ததும் தைரியம் வந்து, "வேலை செய்யாம இருக்காருன்னு கோபம் இருக்கலாம். வயசான மனுசன். அதுக்காகக் கத்தியெல்லாம் எடுக்கலாமா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், எனக்குத் தெரிந்த மலாயில், நான் திட்டியது அவரை அல்ல, பூச்செடியை என்றேன். அவர் செடியைப் பார்த்தார். செடிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் என் கணவரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே," என்றார் என் கணவர் என்னிடம். "தினமும் இப்படியான்னு கேட்டாங்க. தினமும்தான்னேன். அதுல பொய் என்ன இருக்கு?"

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தெருவில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கேட்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தவர், செடியின் முன்னால் நின்று யோசித்தார்.

"நானும் திட்டட்டுமா?" என்றார்.

"தாராளமா."

மலாயில் ஆரம்பித்தார். பாதி எனக்குப் புரியவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது பற்றி ஏதோ வந்தது, செருப்பை வழியில் கழற்றிப் போடுவது பற்றி வந்தது. முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கணவர் இறந்து இரண்டு நோன்புப் பெருநாள் கடந்துவிட்டதாம். கூட இருக்கும் மகனும் மருமகளும் நல்லவர்கள், அவர்களிடம் குரலை உயர்த்த முடியாது. "திட்டுறதுக்கு யாருமே இல்ல அச்சி," என்றார்.

நான் உள்ளே போய் டீ கலந்துகொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்தே திட்டினோம். சில நாள் பொறுத்துப் பார்த்த என் கணவர், "ரெண்டு மொழியில திட்டு வாங்குறதுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று முனகிக்கொண்டே தொட்டியை இழுத்துப்போய்ச் சுவரோரம் நல்ல வெயிலில் வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் செடி மொட்டு வைத்தது. பிறகு நிறுத்தவே இல்லை. வெயில்தான் காரணம் என்று அவர் சொல்கிறார். மலாய்த் திட்டுதான் காரணம் என்று அந்த அம்மா சொல்கிறார். தமிழ்தான் என்று எனக்குத் தெரியும்.

பறித்த பூவில் பாதியை நான் தொடுத்துச் சாமிக்குப் போட்டுத் தலையிலும் வைத்துக்கொள்வேன். மீதியை அந்த அம்மா கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். பழக்கம் வந்ததில் அவர் கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டார். கற்ற இடம் அப்படி என்பதால், நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் கிடையாது. தீபாவளியன்று கிளேபாங்கிலிருந்து என் நாத்தனார் தாமதமாக வந்து சேர்ந்தார். அந்த அம்மா வாசலிலேயே அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, மிகுந்த அன்போடு, "வா, சோம்பேறி," என்றார்.

நான் சொல்லிக்கொடுத்துத்தான் அப்படிச் சொன்னார் என்று என் நாத்தனார் இன்றுவரை நம்புகிறார்.