பிரேக் அக்காவின் புது அடுப்பு

கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததுமே அக்கா குனிந்து அடுப்பின் பக்கவாட்டில் காதை வைத்துவிட்டார்.

"ஓட விடுங்க."

"இது இண்டக்ஷன் அடுப்பு மேடம். சத்தமே வராது."

"ஓடுறது எதுவா இருந்தாலும் சத்தம் வரும். உள்ள ஃபேன் இருக்குல்ல?"

கடைக்காரர் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்துப் பொத்தானை அழுத்தினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, அடுத்தவனைக் கொண்டு வாருங்கள் என்றார். விளக்கப் புத்தகத்தைப் படித்துச் சொல்வதற்காக, இரண்டு மொழி படித்த மேல்வீட்டுக்காரியான என்னையும் கூட்டிப் போயிருந்தார். நான் இன்னும் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை.

இரண்டாவது அடுப்பு கண்ணாடிபோலப் பளபளத்தது. அதில் திருகு எதுவும் இல்லை, தொட்டால் போதும். பாலுக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று என்று எட்டுப் படங்கள். கடைக்காரர் எட்டையும் விளக்கி முடிக்கும்வரை அக்கா பொறுமையாக நின்றார். பிறகு விரல்களைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் படத்தைத் தொட்டார். அடுப்பு கண்டுகொள்ளவில்லை.

"கையைத் துடைச்சிட்டுத் தொடணும் மேடம்."

"சமைக்கிறவ கை என்னைக்கு மேடம் காஞ்சு கிடந்திருக்கு?" என்று அவருடைய மரியாதையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவதில் திருகு இருந்தது. அதை ஆகக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். குமிழ்கள் வந்தன, அடங்கின, மறுபடி வந்தன. "பாத்தீங்களா? மிதிக்கிறான், விடுறான், மிதிக்கிறான், விடுறான். என்கிட்ட முதல் நாள் கார் கத்துக்க வர்ற ஆளு மாதிரியே." சிறு எண்ணில் எல்லா அடுப்பும் அப்படித்தான் என்றார் கடைக்காரர். எல்லாமே அப்படித்தானா, இல்லை முன்னால் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் அப்படித்தானா என்று அக்கா கேட்டார். கடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். உள்ளே போய், சாம்பல் நிறத்தில் அலங்காரமே இல்லாத ஒன்றைத் தூக்கி வந்தார். ஒரு திருகு, இரண்டு பொத்தான், ஒரு டைமர். குறைந்த எண்ணில் வைத்தபோது பாத்திரத்தின் ஓரம் முழுக்கச் சின்னக் குமிழ்கள் ஒரே சீராகக் கிளம்பின. ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே.

"இவன் ஓட்டத் தெரிஞ்சவன்" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான், கேட்க வந்த கேள்வியைக் கேட்டார். "இதுல வாசனை வச்சுக் கண்டுபிடிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

கடைக்காரருக்குப் புரியவில்லை. "இதுல கேஸே கிடையாதே மேடம். வாசனைன்னு ஒண்ணுமே வராது."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் சரிசமம். பெட்டில போடுங்க."

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வயது ஐம்பத்திரண்டு, அதில் இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் கழிந்திருக்கிறது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் அக்காவின் வலது செருப்பு எப்போதும் இடது செருப்புக்கு முன்னால் தேய்ந்துபோகும். பேருந்தில் ஓட்டுநர் கொஞ்சம் வேகம் எடுத்தாலும் சரி, மாடிப்படியில் ஒரு குழந்தை தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டு வந்தாலும் சரி, அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு, "பக்கத்து சீட்ல உக்கார்றது என் தொழில். அதையே வீட்லயும் எதுக்குப் பண்ணணும்?" என்று பதில் சொல்வார்.

அவர் திட்டி யாரும் பார்த்ததில்லை. நான் அவரிடம் கற்றுக்கொண்டபோது ஒரு திருப்பத்தில் எதிரே வந்த லாரியைக் கவனிக்காமல் திருப்பினேன். அவர் பிரேக்கை மிதித்து, லாரி போகும்வரை காத்திருந்து, "சரி, இப்ப நாம ரெண்டு பேரும் செத்துட்டோம். மறுபடி முதல்லேருந்து ஆரம்பி" என்றார். அவசரக்காரர்களுக்கு வேறு வசனம். "அவசரத்துல அண்டாக்குள்ளயே கை போகாதாம். கியர் மட்டும் போயிடுமா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது அவருடைய மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும் என்று மருத்துவர் சொன்னார், வரவில்லை. "மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சு. மூச்சு விடுற வேலையை மட்டும் பகுதி நேரமா பார்க்குது" என்று அதையும் வேடிக்கையாக்கிவிட்டார். ஆனால் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் குனிந்து முகர்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. முகர்வார், ஒரு கணம் அப்படியே இருப்பார், மூடிவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நான் படியேறி வந்தபோது அவர் வீட்டு வாசலிலேயே கேஸ் நாற்றம் அடித்தது. உள்ளே ஓடினேன். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. அடுப்பு உஸ் என்று கேஸைக் கக்கிக்கொண்டிருந்தது. அக்கா நான்கடி தள்ளி மேசையில் உட்கார்ந்து, சாலை விதித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் அடுப்பை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "எவ்வளவு நேரமா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு மட்டும் அவர் வேடிக்கை பேசவில்லை.

அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அவருடைய அண்ணனின் தொலைபேசி அழைப்பு வந்தது. அண்ணன் தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நான்தான் எடுத்தேன். எல்லாம் நல்லபடியா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது; அதிகம் பேசவும் வராது. நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த ஒரு வாரம் அக்கா என்னைப் பார்ப்பவர்களிடமெல்லாம் "இவதான் என்னைப் போட்டுக் குடுத்தவ" என்று அறிமுகப்படுத்தினார். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தேநீரும் கொடுத்தார்.

அண்ணன் ஒரே முடிவாக இருந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து இரு. அவர் ஊர் அரை நாள் தொலைவு. இங்கே பயிற்சிப் பள்ளி வேலையை விட்டுவிட வேண்டும். அங்கே அறைக்கு வெள்ளையடித்து, கட்டில்கூட வாங்கிப் போட்டாகிவிட்டது. நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம், ராணி மாதிரி உட்கார் என்று அண்ணியும் தொலைபேசியில் அன்பாகச் சொன்னார்.

"தங்கமானவங்கதான்" என்றார் அக்கா என்னிடம். "ஆனா அங்க எனக்கு ஓட்டுறதும் இல்ல, சமைக்கிறதும் இல்ல. ஆயுசுக்கும் பக்கத்து சீட்டு. அதுல பிரேக்கும் இருக்காது."

கடைசியில் ஒரு பேரம் படிந்தது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அவர் கண்ணெதிரே அக்கா ஒரு வேளைச் சமையல் செய்து காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் பெட்டி கட்ட வேண்டும். அக்கா வாக்குக் கொடுத்தார். கொடுத்தால் காப்பாற்றுகிறவர் என்பதால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கடைக்குப் போனது அதற்கு மறுநாள்.

அடுப்பு வீட்டுக்கு வந்த அன்றே பாத்திரங்களுக்குத் தேர்வு நடந்தது; அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இந்த அடுப்பில் சூடாகுமாம். காரில் தொலைபேசியை ஒட்டவைக்கும் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். பதினேழு பாத்திரங்களையும் தரையில் வரிசையாகக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டினால் பாஸ், வழுக்கினால் ஃபெயில். இருப்பதிலேயே பெரிய அலுமினியப் பானை ஃபெயில். "ஆளு மட்டும் வளந்தா போதாதுப்பா" என்று அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஒரு எவர்சில்வர் சட்டி பக்கவாட்டில் காந்தத்தைப் பிடித்தது, அடியில் விட்டுவிட்டது. அதற்கு மூன்று வாய்ப்புக் கொடுத்தும் தேறவில்லை. கடைசியில் ஐந்து தேறின. தேறாத பன்னிரண்டும் மறுநாள் காலைக்குள் கட்டடம் முழுக்க விநியோகமாகிவிட்டன. அந்தச் சட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

அடுப்புக்குச் சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டார், அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டுமாம். நீட்டிப்பு வயரில் செருக விடவில்லை. ஆள் வரவழைத்துத் தனியாக ஒரு பெரிய பிளக் போடச் செய்தார். முதல் வாரம் வெறும் வாணலியில் எண்ணெய் விட்டுப் பெரிய எண்ணில் வைத்துவிட்டார். வெங்காயத்தை எடுக்கத் திரும்புவதற்குள் எண்ணெய் புகைந்துவிட்டது. "புறப்படும்போதே நாலாவது கியர். தப்பு என் மேலதான்" என்று ஒத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எதையும் மூன்றில்தான் தொடங்கினார். டைமர் வைக்காமல் எதையும் ஏற்றுவதில்லை. அணைத்த பிறகும் உள்ளே விசிறி கொஞ்ச நேரம் சுற்றும். அது நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்க மாட்டார். "ஓடி வந்தவன் மூச்சு வாங்கட்டும்."

அந்த ஞாயிறும் வந்தது. அண்ணன் ஆறடி உயரம், நரைத்த மீசை. சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார். என்னையும் சாட்சியாக நிறுத்திக்கொண்டார். சோறு சரியாக வெந்தது. பீன்ஸ் பொரியல் கருகவில்லை. முட்டை ஓரம் மட்டும் மொறுமொறுவென்று வந்தது. அண்ணன் சாப்பிட்டு முடித்தார். மிச்சம் இருந்தது காபிதான். அக்கா பாலை ஏற்றினார். கை டைமரை நோக்கிப் போனது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் சொன்னார்: "ரூமுக்கு மஞ்சள் அடிச்சிருக்கோம். உனக்குப் பிடிச்ச கலரு."

"பத்து வயசுல பிடிச்ச கலரு" என்று அக்கா அவர் பக்கம் திரும்பினார். மஞ்சளைப் பற்றிய வாக்குவாதம் வளர்ந்தது. டைமர் மறந்தே போனது.

பால் ஏறுவதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார், பேசாதே என்று. அக்கா திரும்பியபோது பால் விளிம்புக்கு வந்துவிட்டது. உடனே அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மறுபடி மிதித்தது. மூன்றாவது முறையும் மிதித்தது. கை மட்டும் அசையவே இல்லை. கடைசியில் அது திருகைப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பால் அடுப்பின் மேலும் மேடையிலும் பரவியிருந்தது.

அண்ணன் எழுந்தார். பால் பொங்கினால் அடுத்தது என்ன என்று முப்பது வருடம் பார்த்தவர், அதற்காகக் காத்து நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து மேடை ஓரம் முழுக்க மோந்து பார்த்தார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது, தங்கையின் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன பண்ணிட்டு இருக்க?"

"பிரேக் போட்டேன்."

"பிடிச்சுதா?"

"இல்ல" என்றார் அக்கா. "ஆனா யாருக்கும் அடிபடல."

அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு துணி கேட்டு வாங்கி மேடையை அவரே துடைத்தார். "பால்தான் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மிஞ்சிய பாலில் கிடைத்த அரை தம்ளர் காபியைக் குடித்துவிட்டு, மேடைக்கு அடியில் சும்மா கிடந்த கேஸ் சிலிண்டரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். "கூட்டிட்டுப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்துட்டேன். இதையாவது கூட்டிட்டுப் போறேன்." அதைக் காரின் பின்பக்கம் ஏற்றி வண்டியைப் பின்னால் எடுத்தார். அவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அக்காதான். நடைபாதையில் நின்றிருந்த அக்காவின் கால் இரண்டு தடவை அழுத்தியது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் என்னைக் கீழே கூப்பிட்டார். அடுப்பில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. எதற்குக் கூப்பிட்டார் என்று உடனே சொல்லவில்லை. கரண்டியால் ஒரு முறை புரட்டினார், குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வாணலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெந்துடுச்சா இல்லையான்னு கண்ணு சொல்லிடும். இப்ப எப்படி வாசம் வருதுன்னு நீ சொல்லேன். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாத, அதை எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு மொழி படிச்சவதானே நீ, எதுல வருதோ அதுல சொல்லு. ஒண்ணும் அவசரம் இல்ல. அடுப்பைக் குறைச்சுதான் வச்சிருக்கேன்."