குள்ளர் வீட்டு வாசலில்

பழைய நாகரிகம் ஒன்றின் வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று வெகுநேரம் மாட்டிக்கொண்டு கிடந்தவன் நான். சிந்து நதிக்கரையில் புதைந்த நகரைத் தோண்டியெடுத்த செய்திகளைப் பத்திரிகையில் படித்துப் படித்து, நம் பக்கத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று பென்னாகரத்துக்கு அப்பால் இருந்த ஆதிகாலத்துக் கல்வீட்டைப் பார்க்கப் போனேன். சுற்றிலும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், முன்கல்லில் வட்டமாக ஒரு துளை.

அதற்குள் ஓர் ஆட்டுக்காரர் தம் குட்டிகளை அடைத்திருந்தார். நெட்டையான ஆள், தலையில் மடித்துப் போட்ட கம்பளி. துளைக்குள் குனியுமுன் ஒவ்வொரு முறையும் இருமினார்.

"சளியா?" என்றேன்.

"இல்லீங்க சாமி. இது குள்ளருங்க வூடு. உள்ள பொம்பளைங்க இருப்பாங்க. சொல்லாம நுழையலாங்களா?"

"இது செத்தவங்களைப் புதைச்ச இடம்யா. உள்ள யாருமில்லை."

"அப்ப எந்திரிச்சுத் துணிமணி சரி பண்ண இன்னும் நேரமாகுங்களே."

நான் இருமாமலே நுழைந்தேன். தலையும் தோளும் போயின. வயிறு வர மறுத்தது. உள்ளே ஒரு குட்டி என் மூக்குக் கண்ணாடியை நக்கியது. வெளியே அவர் என் காலைத் தொடவே இல்லை.

"மொதல்ல இருமுங்க சாமி. அவங்க புடிச்சிருக்கறப்ப நான் இழுத்தா கோவம் வந்துரும். நாளைக்கும் என் குட்டிங்க இங்கதான படுக்கணும்?"

படித்தவன் எவ்வளவு நேரம்தான் பிடிவாதம் பிடிப்பது? இருமினேன். இழுத்தார், வந்துவிட்டேன். மூச்சு இறங்கி வயிறு ஒட்டியதா, குள்ளர்கள் பிடியை விட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரோ என்னைத் திரும்பியும் பார்க்காமல், துளைக்குள் தலையை நீட்டி யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில், துளையில் மாட்டிக் கிழிந்த என் ஜிப்பாவைத் தைத்தபடியே எல்லாவற்றையும் கேட்ட என் மனைவி சொன்னாள்: "அந்தக் காலத்துச் சனங்க அளவாச் சாப்பிட்டிருக்காங்க. கட்டுரையில அதை எழுதுங்க."