முற்றுப்புள்ளிக்குத் தட்டியவள்

நேற்றுச் சாயங்காலம் மகள் பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்தபடி கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் விட்டு ஒரு தட்டு, மறுபடியும் சற்று நேரம் விட்டு ஒரு தட்டு.

"ஏன்டி தட்டுற?"

"நான்தாம்மா கிளாஸ்ல ஃபுல் ஸ்டாப்! மத்தவங்க இங்கிலீஷ் வாசிப்பாங்க, முடிக்கிறப்ப நான் தட்டணும்."

அவளுக்கு ஒரே பெருமை. எனக்கோ கோப்பி வாசனை போய், மர ஸ்கேலில் ஊறிய மையின் வாசனை மூக்கில் ஏறியது.

நான் தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாக்கா ஊரின் காஜா பேராங்கில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு மாறியபோது நாடு சுதந்திரத்துக்குக் காத்திருந்தது. எங்கள் மிஸ் ஆங்கில நிறுத்தக்குறிகளை ஆட்களை வைத்தே சொல்லிக்கொடுப்பார். ஒருத்தி சத்தமாக வாசிப்பாள். காற்புள்ளி வந்தால் ஒருத்தி கைதட்ட வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் ஒருத்தி எழுந்து நிற்க வேண்டும். வாக்கியம் முடிந்தால் ஒருத்தி ஸ்கேலால் தட்ட வேண்டும். நல்ல விளையாட்டு என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாசிப்பவர்கள் எப்போதும் முன்வரிசை. தட்டுபவர்கள் எப்போதும் கடைசி வரிசையில் இருந்த நாங்கள். வருஷம் முழுக்க.

என் பக்கத்தில் மீனாச்சி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். வீட்டில் மலாய்தான், தமிழ் வராது. "லூ தித்திக், குவா கோமா" என்று கிசுகிசுப்பாள். நீ முற்றுப்புள்ளி, நான் காற்புள்ளி என்று அர்த்தம். சிரிப்பை அடக்க முடியாமல் இடம் தவறித் தட்டி, மிஸ்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது. இங்கிலீஷ் தெரியாது என்றுதானே எங்களை அங்கே சேர்த்தார்கள்? தெரியாதவளை வாசிக்கவே விடாவிட்டால் அவள் எப்போதுதான் தெரிந்துகொள்வாள்?

பெற்றோர் தினத்துக்கு அப்பா வந்தார். டவுன் கவுன்சிலில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை அவருக்கு. அன்று அரைநாள் விடுப்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மகள் இங்கிலீஷ் வாசிப்பதைக் கேட்க வந்திருந்தார். நம் நாடு விரைவில் சுதந்திர நாடாகும் என்ற வாக்கியத்தை முன்வரிசைப் பெண் கணீரென்று வாசித்தாள். நான் தட்டினேன். சரியான இடத்தில்தான் தட்டினேன்.

திரும்பும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "நல்லாத்தான் தட்டுன. நீ எப்பம்மா வாசிப்ப?"

நேற்று ராத்திரி இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னால், "சின்ன விஷயம்லா. டீச்சர்கிட்ட சண்டைக்குப் போனா பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்றார். அதுவும் சரிதானோ என்று பாத்திரம் கழுவும்போது தோன்றியது. மகளுக்குச் சடை பின்னும்போது சரியில்லை என்று தோன்றியது. காலையில் மகளைப் பள்ளியில் விட்டவள் அப்படியே வகுப்பு வாசலில் நின்றுவிட்டேன்.

டீச்சர் நம் தமிழ்ப் பெண்தான், என்னைவிடச் சின்னவள். "விளையாட்டுத்தானே அக்கா? அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு டீச்சர். அதான் ஆத்திரமா வருது. தட்டுறவளும் வாசிக்கட்டும், வாசிக்கிறவளும் தட்டட்டும்."

அதிகமாகப் பேசிவிட்டேனோ? டீச்சர் மேசையிலிருந்த வாசிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கே வாசிக்க வைக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். என் பழைய பள்ளியின் பலகைக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள். திடலில் பறந்த அந்நியக் கொடி போய்விட்டது, அதற்கு நின்று பாடிய பாட்டும் போய்விட்டது. மீனாச்சி கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாளோ. அப்பாவும் இல்லை. மதியம் மகள் பையைக் கழற்றாமலேயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், "அம்மா, உட்காரு, கேளு" என்று. உட்கார்ந்தேன். அப்பா உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.