கிரேக்கர் வெட்டிய கடா

அப்பாவை நான் காட்டுமிராண்டி என்று திட்டியவன். குனோங் ராபாட் மலையடிக் கோயிலில் இன்று ஆட்டுமயிர் பொசுங்கும் நாற்றம் வந்தபோது, என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

நான் திட்டிய அன்று காலை பள்ளியில் கிரேக்கர்களைப் பற்றிப் பரீட்சை. மலைகள் பிரித்ததால் ஊருக்கு ஊர் தனி ஆட்சி, தனிக் காவல் தெய்வம். பலி கொடுத்த இறைச்சியை எல்லோரும் பகிர்ந்து உண்டார்கள், உயர்ந்த பண்பாடு என்று எழுதினேன். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியதும், முனியாண்டிக்கு வெட்டிய கடாவின் பங்கை அப்பா இலையில் வைத்து நீட்டினார். திட்டிவிட்டு, இலையைக் காலால் தள்ளினேன்.

பல ஆண்டுகள் கழித்து, படுக்கையில் கிடந்தவரிடம் அந்தப் பாடத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அவங்களும் கடா வெட்டுனாங்களா?”

“ஆமாப்பா.”

“அப்ப அவங்கள ஏன்டா திட்டல?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.