மடிக்காக ஒரு சொட்டு

பால் மாதிரி எடுக்கும்போது பாலை நன்றாகக் கலக்கி, மூன்று புட்டிகளில் பிரித்து ஊற்றி, கெடாமலிருக்க ஒவ்வொன்றிலும் சில சொட்டு ஃபார்மலின் விட்டு, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஒன்று விற்றவருக்கு, ஒன்று சென்னையிலிருக்கும் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. பகுப்பாய்வாளர் உரிய கெடுவுக்குள் பதில் அனுப்ப வேண்டும். விதி இவ்வளவுதான். அதன் முதல் பாதியை நாங்கள் அட்சரம் பிசகாமல் நடத்தினோம்.

ஐம்பதுகளின் கடைசி. விழுப்புரத்தில் குடியிருந்து, திண்டிவனம் நகராட்சியில் சுகாதாரப் பிரிவு எழுத்தராக வேலை பார்த்தேன். விடியற்கால ரயிலில் ஜன்னலோரம் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள் பனிக்குள் மெல்ல நகர்ந்து போகும். ரயில் நிற்கிறதா ஓடுகிறதா என்பதே சில நாள் தெரியாது. அலுவலகத்துக்குப் போன பிறகும் எனக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்ததில்லை.

அப்படி ஒரு காலையில் எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் என்னைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் தலையில் பால் குடத்தோடு நடந்து வந்தார். வீட்டில் ஒரே ஒரு பசு. கணவர் இல்லை. ஊருக்குள் பால் விற்க எங்கள் உரிமம் வைத்திருந்தார். தண்ணீர் கலந்ததுண்டா என்று இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் கேட்டார். எல்லாரும் இல்லை என்று சத்தியம் செய்யும் இடம் அது.

"கலந்தேங்க," என்றார் அந்த அம்மாள். "ஒரு சொட்டு. சொட்டுத் தண்ணி விடாம பாலை வெளிய குடுத்தா மாட்டு மடிக்கு ஆவாதுங்க."

அந்தப் பக்கத்தில் மாடு வைத்திருந்த எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் இருந்தது. எங்கள் வீட்டிலும்கூட. ஆனால் அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லும் வழக்கம் யாருக்கும் இல்லை. இன்ஸ்பெக்டர் புட்டிகளை எடுத்து, சீசாவைச் சாய்த்து, ஃபார்மலினைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வுட்ட சொட்டு தப்பு, நீங்க வுடற சொட்டு சட்டமாங்க?"

நான் சாட்சிக் கையெழுத்தில் மிகுந்த கவனம் செலுத்தினேன்.

பதில் வரும்வரை உரிமத்தை நிறுத்தி வைக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. நிறுத்தக்கூடாது என்றும் இல்லை. ஆகவே நிறுத்தினார்கள். அந்த அம்மாள் அழவில்லை, மனுவும் போடவில்லை. மறுநாளிலிருந்து ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில் குடத்தை இறக்கி உட்கார்ந்தார். கல்லுக்கு அப்பால் எங்கள் உரிமம் செல்லாது, தடையும் செல்லாது.

ஊர் அவரைத் தேடிப் போயிற்று. விடியல் மங்கலில் உருவம் தெரியாது. பித்தளைச் சொம்புகள் மட்டும் தாமாக நடந்து போவது போலிருக்கும். கல்லைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக வெள்ளையாய் நிரம்பித் திரும்பும். அவற்றில் ஒன்று இன்ஸ்பெக்டர் வீட்டுச் சொம்பு என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். பேசிக்கொண்டதில்லை.

ஐப்பசி மழை வந்தது. பாலுக்காக நனைய யாரும் தயாராக இல்லை. சொம்புகள் குறைந்தன. நான் சென்னைக்கு நினைவூட்டு எழுதினேன், பிறகு அந்த நினைவூட்டை நினைவூட்டி ஒன்று. கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. மார்கழியில் ஒரு நாள் கல்லருகே போனபோது, குடத்தில் பாதிக்குமேல் பால் மிஞ்சிக் கிடந்தது. தனக்குக் கொடுத்த முத்திரைப் புட்டியை மாட்டுக் கொட்டகை மாடத்தில் வைத்திருப்பதாகவும், அதற்கும் வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பதாகவும் அந்த அம்மாள் சொன்னார்.

"அது இன்னும் கெடலைங்க. நாந்தான் பேஜாராயிட்டேன். விழுப்புரத்துத் தரகருகிட்ட சொல்லிட்டேன். பொங்கல் கழிச்சி மாட்டை ஓட்டிக்கினு போயிடுவாரு."

அன்று திரும்பும் ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தரகர் சொன்னபடி வந்தார். வந்தவர் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, மாடில்லாமல் விழுப்புரம் பஸ் ஏறினார். அரை நாள் விடுப்பில் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். காலை நேரத்தைப் பாழாக்கிவிட்டார்கள் என்று வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அது தாலாட்டுப் போலிருந்தது. அதற்குள் அந்த அம்மாள் உரிமம் திரும்பக் கிடைத்து, கல்லைத் தாண்டி உள்ளே வந்து விற்கத் தொடங்கியிருந்தார். மடிக்கான சொட்டையும் விடாமல் விட்டுக்கொண்டுதான்.

பகுப்பாய்வாளர் எழுதியது சில வரிகள். பால் தரத்துக்கு உட்பட்டது. சேர்த்த நீர் காணப்படவில்லை. ஃபார்மலின் உண்டு, விதிப்படி. தெருவெல்லாம் வேண்டாத பாயும் காகிதமும் எரிந்து, புகையில் தபால்காரர் முகமே தெரியாத காலையில் அது வந்து சேர்ந்தது. உறையின் மேல் நானே தேதி முத்திரை குத்தினேன்: அன்று போகி.