அக்கா தூக்கிய கை

என் அக்காவுக்கு வாய் நீளம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை, உண்மைதான். ஆனால் அவளைக் குளிக்காதவள் என்று சொன்னால் சும்மா விடமாட்டேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே சலவை நிலையத்தில் வேலை. அவள் கவுண்டரில் துணி வாங்குவாள். நான் பின்னால் கறை எடுத்து இஸ்திரி போடுவேன். மேலாளர் சட்டைகளும் என் மேஜைக்குத்தான் வரும். ஒருநாள் அந்த மனிதர் எல்லோர் எதிரிலும் அக்காவைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கவுண்டர்ல நாத்தம் தாங்கல. இனிமே நீ கொதிகலன் ரூம்லயே இரு. அப்பவும் போகலேன்னா வேலைய விட்டு நின்னுக்கோ."

அக்கா அழவில்லை; கொதிகலன் அறைக்குப் போனாள். சோப்பு தேயத் தேயக் குளித்தாள். மறுநாளும் அக்குளில் அதே நாற்றம், சீருடைச் சட்டையில் மஞ்சள் கறை. சலவைக்காரி புத்தி எங்கே போகும்? துணிக்கறை எடுக்கும் திரவத்தை அக்குளிலேயே தடவிவிட்டாள். தோல் வெந்துபோனது.

"அடிப்பாவி!" என்று கத்தி, அவளைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா அறையை இருட்டாக்கி, ஒரு ஊதா விளக்கைக் காட்டினார். அக்குள் முடி மஞ்சளாக மினுங்கியது.

"இது அழுக்கு இல்லம்மா, பாக்டீரியா. முடியச் சுத்தி உறை மாதிரி ஒட்டிக்கும். சோப்புக்கெல்லாம் அசையாது. புண்ணு ஆறினதும் முடிய மழிச்சிட்டு நான் தர்ற மருந்தத் தடவுங்க. வேர்வையில ஊறவிடாதீங்க. இது யாருக்கு வேணாலும் வரும்."

அக்கா விளக்கையே பார்த்தாள். "இந்த லைட்டு எங்ககிட்டயும் இருக்கே டாக்டர்! விரிப்புல கறை தேடுறது இதுலதான்."

சொன்னபடியே செய்தாள். நாற்றம் போயே போய்விட்டது. ஆனாலும் அவளைத் திரும்பக் கவுண்டரில் உட்காரவிட மேலாளர் மசியவில்லை.

"உன் மூஞ்சியப் பாத்தாலே அந்த வாடைதான் ஞாபகம் வருது."

அக்காவுக்கு வந்ததே கோபம்! அவரையும் எங்கள் எல்லோரையும் கறை பார்க்கும் அறைக்குள் கூப்பிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் கையைத் தூக்கினாள். எதுவும் மினுங்கவில்லை.

"பாத்துக்கங்க சார். இப்ப நீங்க தூக்குங்க."

"என்ன திமிரு உனக்கு!"

"திமிருதான். உங்க சட்டையில இருக்கிற மஞ்சக் கறையத் தேச்சுத் தேச்சு என் தங்கச்சிக்குக் கை ஓஞ்சு போச்சு. உங்கள யாராவது கொதிகலன் ரூமுக்குத் தள்ளினாங்களா?"

மேலாளரின் கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யார், நான்தான்.

அக்கா விளக்கை அணைத்தாள்.

"வெக்கப்படாதீங்க சார், அது அழுக்கு இல்ல. டாக்டரம்மா நல்லவங்க, போய்ப் பாருங்க."

நேராகக் கவுண்டருக்குப் போய், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளை எழுப்ப யாரும் வரவில்லை.